எட்டும் தூரம் அறிந்து பாத்தி அமைப்போம்

பயிருக்குப் பயிர் இடைவெளி அளக்கிறோம். உரத்தை எடை போட்டு இடுகிறோம். மருந்தை மில்லி கணக்கில் கலக்கிறோம். ஆனால் அதே நிலத்தில் உட்கார்ந்து களை எடுப்பவரின், கீரை கிள்ளுபவரின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்பதை அளந்து பார்ப்பவர் மிகச் சிலரே. அந்த அளவு தெரியாமல் பாத்தி போடுவதால் ஏற்படும் நட்டம் கணக்குப் புத்தகத்தில் வருவதில்லை. அது இடுப்பு வலியாக வேலை செய்பவரின் உடலில் சேர்கிறது.

சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லி, திருமழிசை, ஆவடி சுற்றுவட்டாரங்களில் வீட்டு மனைகள் பெருகிவிட்ட போதிலும், கிணற்று நீரைக் கொண்டு கீரை பயிரிடும் விவசாயிகள் இன்னும் உள்ளனர். கோயம்பேடு சந்தை அருகில் இருப்பது அவர்களுக்கு வாய்ப்பு. கீரை குறுகிய காலப் பயிர். இயந்திரம் அதிகம் நுழையாத பயிர். களை எடுப்பு, அறுவடை, தரம் பிரித்தல், கட்டுக் கட்டுதல் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் பெண்கள் உட்கார்ந்தபடியே செய்யும் வேலைகள். கோ.3 போன்ற கிள்ளுக்கீரை இரகத்தை விதைத்த 20 நாட்களிலிருந்து வாரம் ஒரு முறை வீதம் 10 முறை வரை கிள்ளலாம். பாத்தியின் அகலம் ஒரு முறை தவறாக அமைந்துவிட்டால், அதனால் வரும் சிரமம் 10 முறையும் திரும்ப வரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உட்கார்ந்து கை நீட்டும்போது உடலில் என்ன நடக்கிறது, அதை ஆய்வாளர்கள் எவ்வாறு அளக்கிறார்கள், ஓர் அளவு நாடாவைக் கொண்டு நாமே அளந்து அதற்கேற்பப் பாத்தியை எவ்வாறு அமைக்கலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கை நீளும் முன்பே முதுகு தயாராகிறது

கையை நீட்டுவது கையின் வேலை என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட நடு உடலின் வேலையும் ஆகும். கை முன்னே போகும்போது உடலின் எடையும் முன்னே சாய்கிறது. பின்னாலிருந்து யாரேனும் பிடித்துக்கொள்ளாவிட்டால் உடல் முன்னால் விழவேண்டும். அவ்வாறு பிடித்துக்கொள்பவை முதுகெலும்பை ஒட்டி இரு பக்கமும் கயிறு போல ஓடும் முதுகுத் தசைகளும், வயிற்றுச் சுவரின் தசைகளும், இடுப்பு, தொடைத் தசைகளுமே ஆகும். ஏற்றத்தில் பாரம் தூக்கும்போது கம்பம் அசையாமல் நிற்பதற்கு ஒப்பானது இது. கம்பம் ஆடினால் கயிறு எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், இத்தசைகள் கை நீண்ட பிறகு வேலையைத் தொடங்குவதில்லை. கையைத் தூக்கும் தோள் தசை இயங்குவதற்குச் சற்று முன்னரே உடலின் மற்றத் தசைகள் இயங்கத் தொடங்கிவிடுகின்றன என்று சோவியத் ஆய்வாளர்கள் 1967-ல் கண்டறிந்தனர். ஆஸ்திரேலியாவில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் ஆகியோர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றின் ஆழத்தில் உள்ள குறுக்குத் தசை நலமான மனிதரிடம் கை அசைவுக்கு முன்பே இயங்குவதும், இடுப்பு வலி உள்ளவர்களிடம் அது தாமதமாக இயங்குவதும் தெரியவந்தன. நொடியில் ஒரு சிறு பின்னமே இந்தத் தாமதம். ஆனாலும் பாரம் வரும்போது தாங்கும் தசை தயாராக இல்லை என்பதை இது காட்டுகிறது.

ஒரு சிறு கணக்கு

கிணற்றடியில் நெம்புகோல் கொண்டு கல் புரட்டியவர்களுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். முதுகுத் தசை, முதுகெலும்பின் சுழல் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. பின்னால்தான் இருக்கிறது. முன்னால் நீளும் கையோ 50, 60 செ.மீ. தூரம் செல்கிறது. குட்டையான பக்கத்தில் தசை. நீண்ட பக்கத்தில் பாரம்.

1 கிலோ கீரையை முதுகெலும்பிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் பிடித்தால் முதுகுத் தசை அதற்காக 5 கிலோ விசையுடன் இழுக்க வேண்டும். அதே கீரையை 60 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 12 கிலோ விசை தேவை. கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் செலவு உண்டு. 50 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கை ஏறத்தாழ 2.5 கிலோ இருக்கும். அதை நேராக நீட்டினால் அதன் எடை மையம் சுமார் 30 செ.மீ. முன்னே செல்கிறது. இதைத் தாங்க 15 கிலோ இழுவிசை வேண்டும்.

கை எட்டாமல் உடலையும் சாய்க்கும்போதுதான் செலவு பெருகுகிறது. இடுப்புக்கு மேற்பட்ட உடலின் எடை 25 கிலோ என்று கொள்வோம். அதன் எடை மையம் 10 செ.மீ. முன்னே நகர்ந்தாலே முதுகுத் தசை 50 கிலோ விசையுடன் இழுத்துப் பிடிக்க வேண்டும். இந்த இழுவிசையும் மேலுடலின் எடையும் சேர்ந்து, முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள, மக்கள் ‘ஜவ்வு’ என்று சொல்லும் டிஸ்கை அழுத்துகின்றன. ஆகவே கையிலுள்ள கீரையின் எடையைவிட, நாம் எவ்வளவு சாய்கிறோம் என்பதே முக்கியம்.

ஆய்வுக்கூடத்தில் அளக்கும் முறைகள்

தசை சுருங்கும்போது அதில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. தோலைத் துடைத்து, பசை தடவிய இரண்டு மின்முனைகளை ஒன்றுக்கொன்று 2 செ.மீ. இடைவெளியில் தசையின் மேல் ஒட்டி அந்த மின்னழுத்தத்தைப் பதிவு செய்வார்கள். இதற்கு எலெக்ட்ரோமயோகிராபி என்று பெயர். ஒருவருடைய தோலும் கொழுப்பும் மற்றொருவருடையதைப் போல் இருப்பதில்லை. ஆதலால் பதிவான அளவை அப்படியே ஒப்பிட முடியாது. முதலில் அவரை முழு பலத்துடன் அத்தசையை இறுக்கச் சொல்லி, அந்த அளவை 100 எனக் கொண்டு, வேலையின்போது நூற்றுக்கு எத்தனை பங்கு தசை இயங்குகிறது என்று கணக்கிடுவார்கள். நடு உடலில் இதயத்துடிப்பின் மின்னலையும் சேர்ந்து பதிவாகும் என்பதால் அதை நீக்கிப் பார்ப்பது அவசியம்.

இந்த விழுக்காட்டினால் என்ன பயன்? ஜெர்மானிய ஆய்வாளர் ரோமர்ட் 1960-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு தசையை அதன் முழு வலிமையில் பாதி அளவுக்கு இறுக்கி அசையாமல் வைத்திருந்தால் ஒரு நிமிட அளவே தாங்கும். நூற்றுக்கு 15 பங்குக்குக் கீழ் இருந்தால் நெடுநேரம் தாங்கும் என அவர் கருதினார். நாள் முழுவதும் ஓய்வின்றி இறுகியிருந்தால் அதற்கும் குறைந்த அளவிலேயே களைப்பு ஏற்படுகிறது என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. ஆகவே பெரிய பாரம் தூக்காத வேலையிலும் முதுகு வலிப்பதற்குக் காரணம் உண்டு.

அடுத்து, இருக்கையின் அடியிலும் பாதங்களின் அடியிலும் அழுத்தம் அறியும் தட்டுகளை வைத்து, உடலின் எடை எங்கே இறங்குகிறது என்று அளப்பார்கள். ஆஸ்திரேலியாவில் டீன், ஷெப்பர்ட் ஆகியோர் இம்முறையில் செய்த ஆய்வுகளில், கை நீளத்திற்கு அப்பால் எட்டும்போது எடை இருக்கையிலிருந்து பாதங்களுக்கு மாறுவதும், கால் தசைகள் உடலைத் தாங்குவதில் பெரும்பங்கு வகிப்பதும் புலப்பட்டன. உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் காலூன்ற உறுதியான இடம் வேண்டும் என்பதே இதன் பொருள்.

டிஸ்கின் உள்ளேயே அழுத்தத்தை அளந்தவர்களும் உண்டு. ஜெர்மனியில் வில்கே குழுவினர் 1999-ல் வெளியிட்ட அளவுகளைச் சதுர செ.மீ.க்குக் கிலோவாக மாற்றினால், நேராக நிற்கும்போது ஏறத்தாழ 5 கிலோ. சாயாமல் உட்காரும்போது 4.6 கிலோ, உட்கார்ந்து நன்றாகக் குனியும்போது 8.3 கிலோ, முதுகை வளைத்து 20 கிலோ பாரத்தைத் தூக்கும்போது 23 கிலோ. இது ஒரே ஒரு மனிதரிடம் எடுத்த அளவு. எனவே எண்களைவிட அவற்றின் விகிதத்தையே நாம் பார்க்க வேண்டும். உட்கார்வதில் குற்றமில்லை, உட்கார்ந்து குனிவதிலும், வளைந்த முதுகுடன் பாரம் தூக்குவதிலுமே குற்றம்.

தசை அமைதியானால் பளு குறைந்ததா?

வெகுநேரம் நன்றாகக் குனிந்து வேலை செய்பவர்கள், “முதலில் வலித்தது, இப்போது பழகிவிட்டது” என்று கூறுவதுண்டு. இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. முழுவதும் குனிந்த நிலையில் முதுகுத் தசைகளின் மின்பதிவு ஏறக்குறைய நின்றுவிடுகிறது என்று இங்கிலாந்தில் பிளாய்ட், சில்வர் ஆகியோர் 1950-களின் தொடக்கத்தில் கண்டனர். பளு மறைந்துவிடவில்லை. தசை விட்டுவிட்ட பளுவை முதுகெலும்புகளைக் கட்டியிருக்கும் நார்களும் டிஸ்கும் தாங்குகின்றன.

புதிய கயிற்றில் பாரத்தைத் தொங்கவிட்டால் அது மெல்ல மெல்ல நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். இந்த நார்களும் அவ்வாறே நீள்கின்றன. கனடாவில் மெக்கில், பிரவுன் ஆகியோர் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், 20 நிமிடம் முழுவதும் குனிந்து உட்கார்ந்தவர்களின் முதுகில் ஏற்பட்ட இந்நீட்சி, எழுந்த 2 நிமிடத்தில் ஏறத்தாழ பாதியே சரியானது. மீதி சரியாக மேலும் நேரம் பிடித்தது.

கீரைத் தோட்டத்தில் இதற்கு மாறாகவே நடக்கிறது. ஒரு மணி நேரம் குனிந்து அறுத்தவர் எழுந்தவுடன் கூடையைத் தூக்கித் தலையில் வைக்கிறார். நார்கள் தளர்ந்து, முதுகு மிகவும் பலவீனமாக இருக்கும் நேரம் அதுவே. எனவே குனிந்து வேலை செய்தவர் எழுந்ததும் கூடையைத் தொடாமல் சில நிமிடங்கள் நடந்து, தண்ணீர் குடித்து, அதன் பிறகே பாரம் தூக்க வேண்டும். கூடையைத் தூக்கிவிட மற்றொருவர் துணை இருக்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

வீட்டிலேயே அளக்கும் முறை

மின்முனைகளும் தட்டுகளும் நமக்குத் தேவையில்லை. அளவு நாடா, மணைப் பலகை, எடை பார்க்கும் இயந்திரம் ஆகியவை போதும்.

1. சுவர் அளவு: சுவரை ஒட்டி நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு, பாதங்கள் தரையில் படிய உட்கார வேண்டும். சுவர்ப் பக்கத்துக் கையைத் தோள் உயரத்தில் முன்னே நீட்டி, மணிக்கட்டு இருக்கும் இடத்தைச் சுவரில் குறிக்கவும். பிறகு மற்றக் கையை ஊன்றாமல், இருக்கையை விட்டு எழாமல், எவ்வளவு முன்னே எட்ட முடியுமோ அவ்வளவு எட்டி மீண்டும் குறிக்கவும். முதல் முறையைப் பழக்கத்திற்கு விட்டு, அடுத்த இரு முறைகளின் சராசரியை எழுதிக் கொள்ளவும். மருத்துவமனைகளில் உட்காரும் நிலைப்பை அறியச் செய்யும் சோதனையும் இவ்வகையினதே. முதியவர்களுக்கும் தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் அருகில் ஒருவர் நின்றுகொள்ள வேண்டும்.

2. பாத அளவு: நாற்காலியில் உட்கார்ந்து பாதங்களை எடை இயந்திரத்தின் மேல் வைக்கவும். கைகள் மடியில் இருக்கும்போதும், முழுக்கை நீட்டும்போதும், சாய்ந்து எட்டும்போதும் எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்க்கவும். எண் ஏறிக்கொண்டே போவதைக் காணலாம். கால்களைத் தொங்கவிட்டோ, சேற்றில் வழுக்கும்படி வைத்தோ எட்டினால் இந்த உதவி முதுகுக்குக் கிடைப்பதில்லை.

3. தரை அளவு: இதுவே பாத்திக்கு உதவும் அளவு. வழக்கமாக வேலை செய்யும் முறையில் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, கால் விரல் நுனியிலிருந்து நாடாவை முன்னோக்கித் தரையில் விரிக்கவும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமலும், மற்றக் கையை ஊன்றாமலும், முதுகை முழுவதும் வளைக்காமலும் ஒரு தண்டைக் கிள்ளக்கூடிய தூரத்தைக் குறிக்கவும். வேலை செய்யும் எல்லோரையும் அளந்து, அவர்களில் மிகக் குறைவாக எட்டுபவரின் அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். சராசரியை எடுத்தால் பாதிப்பேருக்கு எட்டாது.

எட்டும் தூரத்திற்கேற்ற பாத்தி

இரு பக்கமும் நடைபாதை இருந்தால், தரை அளவின் இரு மடங்கே பாத்தியின் அகலம். 50 செ.மீ. எட்டினால் பாத்தி 1 மீட்டர், 60 செ.மீ. எட்டினால் 1.2 மீட்டர். 1.5 மீட்டர் அகலமுள்ள பாத்தியின் நடுவை எட்ட 75 செ.மீ. வேண்டும். உட்கார்ந்தபடி, கை ஊன்றாமல் அவ்வளவு தூரம் எட்டுவது பலருக்கு இயலாது. அவர்கள் உடலை மடக்கிச் சாய்வார்கள் அல்லது பாத்திக்குள் கால் வைப்பார்கள். முதலாவது முதுகைக் கெடுக்கும்; இரண்டாவது மண்ணை இறுக்கிப் பயிரைக் கெடுக்கும்.

“பாத்தியைக் குறுக்கினால் பாதைக்கு நிலம் போய்விடுமே” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பாதை 40 செ.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், 1 ஏக்கரில், அதாவது 100 சென்டில், 1.5 மீட்டர் பாத்தியில் பயிர் நிற்கும் பரப்பு 79 சென்ட், 1.2 மீட்டர் பாத்தியில் 75 சென்ட். 1 மீட்டர் பாத்தியில் 71 சென்ட். ஆக 1.5 மீட்டரிலிருந்து 1.2 மீட்டருக்கு மாறினால் இழப்பது 4 சென்ட். கால் மிதிபடாத பாத்தி, விரைந்த அறுவடை, நடுப்பகுதியில் களை விடுபடாமை ஆகியவை இதற்கு ஈடாகக் கிடைப்பவை. எது இலாபம் என்பதை இரண்டு பாத்திகளில் மட்டும் சோதித்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

எல்லாக் கீரைக்கும் இந்த விதி ஒரே அளவில் பொருந்தாது. வேருடன் பிடுங்கும் முளைக்கீரை, தண்டுக்கீரையில் அறுவடை செய்துகொண்டே பாத்திக்குள் நகரலாம். களை எடுக்கும்போது மட்டும் அகலம் முக்கியம். கிள்ளுக்கீரை, மீண்டும் மீண்டும் அறுக்கும் அரைக்கீரை, பாலக் ஆகியவற்றில் பயிர் நிலத்திலேயே இருப்பதால் உள்ளே இறங்க முடியாது. இவற்றுக்கே குறுகிய பாத்தி அவசியம். நாற்றங்காலுக்கும் இது பொருந்தும்.

குத்துக்காலிட்டு உட்காரும்போது உடல் முழுவதும் பாதங்களின் மேல் மட்டுமே நிற்கிறது. 10 முதல் 15 செ.மீ. உயரமுள்ள மணைப் பலகையில் உட்கார்ந்தால் தாங்கும் பரப்பு விரிகிறது, முழங்காலுக்கும் ஓய்வு. ஈர மண்ணில் பலகையின் கால்கள் புதைந்துவிடும் என்பதால் அடியிலும் ஓர் அகலப் பலகையை ஆணி அடித்துக் கொள்ளலாம்.

கட்டுக் கட்டும் இடம்

ஒரு மாலையில் ஒருவர் 300 கட்டுகள் கட்டுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு கட்டுக்கும் குவியலுக்கு ஒரு முறை, கூடைக்கு ஒரு முறை என 600 முறை கை நீள்கிறது. இங்கு 20 செ.மீ. தூரத்தைக் குறைப்பது பெரிய இலாபம்.

• குவியல், வாழை நார், கூடை ஆகிய மூன்றும் முழங்கையைச் சற்று மடக்கியபடியே எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.
• கூடையை முதுகுக்குப் பின்னால் வைக்கக் கூடாது. திரும்பிக் குனிவது நேராகக் குனிவதைவிடக் கெடுதல்.
• குவியலைத் தரையில் கொட்டாமல் 20 அல்லது 30 செ.மீ. உயரமுள்ள பலகையில் கொட்டவும்.
• முதுகு சாய ஒரு சுவரோ தூணோ இருக்கட்டும்.
• 20 நிமிடத்திற்கு ஒரு முறை எழுந்து நிமிர்ந்து நிற்கவும். குவியலும் கூடையும் இருக்கும் பக்கங்களை நாள்தோறும் மாற்றவும்.

1964-ல் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோர் இப்பகுதி விவசாயக் குடும்பங்களிலும் உண்டு. மேசை முன் உட்கார்ந்து பாகங்களைப் பொருத்தும் வேலைக்கும் இதே விதிகள் பொருந்தும். கருவிகளை உடலுக்கேற்ப அமைக்க நமது நாட்டு மக்களின் அளவுகளே தேவை. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 2009-ல் வெளியிட்ட நூலில், இந்திய விவசாயத் தொழிலாளர்களின் 79 உடல் அளவுகளும் 16 வலிமை அளவுகளும் ஆண், பெண் இருபாலருக்கும் தரப்பட்டுள்ளன. புதிய களைக்கருவி வாங்கும்போது, அதன் கைப்பிடி உங்கள் வீட்டுப் பெண்களின் உயரத்திற்கு ஏற்றதா என்று கேட்டு வாங்கவும்.

பக்கவாதம் கண்டவர்களுக்கு

பக்கவாதம் கண்டு ஒரு பக்கம் தளர்ந்தவர்களுக்கும் இந்த அறிவு உதவுகிறது. முன்னர் குறிப்பிட்ட டீன், ஷெப்பர்ட் ஆகியோர் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதம் கண்டு ஓராண்டுக்கு மேலான 20 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உட்கார்ந்து கை நீளத்திற்கு அப்பால் எட்டும் பயிற்சியை 2 வாரம் அளித்தனர். அவர்கள் முன்னைவிடத் தூரமாகவும் விரைவாகவும் எட்டினர். தளர்ந்த காலிலும் எடை தாங்கினர். ஆண்டு கடந்தும் முன்னேற்றம் உண்டு என்பது நம்பிக்கை தரும் செய்தி. அத்தகையவர் வீட்டில் இருந்தால், இயன்முறை மருத்துவரிடம் கேட்டு, பாதம் தரையில் படியும் இருக்கையில் அமர்த்தி, துணைக்கு ஒருவர் இருக்க, கீரை ஆய்வது போன்ற சிறு வேலைகளில் ஈடுபடுத்தலாம்.

எச்சரிக்கை

வலி காலுக்கு இறங்குதல், கால் மரத்துப் போதல், பாதம் தளர்தல் ஆகியவை தோன்றினால் வேலையை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எண்ணெய் தடவிக்கொண்டு நாள் கடத்தக் கூடாது.

விவசாயப் பெருமக்களே! அடுத்த முறை கீரைக்கு நிலம் தயாரிக்கும்போது, மண்வெட்டியுடன் அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பாத்தியில் உட்காரப் போகும் பெண்களை முதலில் உட்கார வைத்து, அவர்கள் கை எட்டும் இடத்தில் கயிறு கட்டிப் பாத்தியைப் பிரியுங்கள். திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் கீரை இரகங்கள், பாத்தி அமைப்பு பற்றித் திரூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகி மேலும் விவரம் அறிந்து பயன் பெறலாம்.